எட்டாவது பெண்மணி

11 ஜனவரி 1944, செவ்வாய். பம்பாய்த் துறைமுகம்

கப்பல் இன்னும் புறப்படவில்லை. எனக்கு இப்போதே தலை சுற்றுகிறது.

இந்தக் குறிப்பை முறையாக எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறேன். முதலில் நான் யார் என்பது. சு. ஆவுடையப்ப பிள்ளை, வயது அறுபத்தாறு. திருநெல்வேலியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணித ஆசிரியர். இப்போது பாளையங்கோட்டை மாதர் கலைக் குழுவுக்கு வழித்துணை.

குழுவில் எட்டுப் பெண்கள். கடல் கடந்து போய் அங்கே முகாமிட்டிருக்கும் நம் தமிழ்ப் பட்டாளத்துக்குப் பாட்டும் நாடகமும் கோலாட்டமும் நடத்தப் போகிறார்கள். சம்பளம் கிடையாது. ஊரில் சிலர், “வெள்ளைக்காரன் சண்டைக்கு இவளுகளா கும்மியடிக்கணும்?” என்று கேட்டார்கள். தலைவி மிசஸ் ஞானமுத்து, “சண்டை யாருதாவும் இருக்கட்டும். பிள்ளைய நம்ம பிள்ளையதானே” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். அவர் ஒரு டாக்டரின் விதவை. டாக்டர் இருந்தபோதே நோயாளிகள் இவருக்குத்தான் அதிகம் பயந்தார்களாம்.

வீட்டார் எல்லோரும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வயதான, மரியாதைக்குரிய, ஆபத்தில்லாத ஓர் ஆண் கூடப் போகவேண்டும். ‘ஆபத்தில்லாத’ என்ற சொல் வந்ததும் கூட்டத்தில் நான்கு பேர் ஒரே சமயத்தில் என் பெயரைச் சொன்னார்களாம். இதற்காக நான் மகிழ வேண்டுமா என்று இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை.

எட்டுப் பேரில் என் மருமகள் பிரமுவும் ஒருத்தி. அவள் கணவன், அதாவது என் மகன் குற்றாலலிங்கம், பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் ஹவில்தார். கல்யாணமான பதினோராம் நாள் பட்டாளத்தில் சேர்ந்தான். மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முந்தின நாள் விருந்தில், பந்தியில் வைத்து, நான் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத அவசியமில்லை.

எங்கள் பயணத்தின் கடைசி முகாமில்தான் அவன் பிரிவு இருக்கிறது. பிரமு அவனைப் பார்க்கவேண்டும். அவளுக்குத் துணையாகத்தான் நான் போகிறேன். வேறு காரணம் இல்லை.

12 ஜனவரி, புதன்

வாந்தி. ஏழு முறை. (மதியம் வரை.)

14 ஜனவரி, வெள்ளி. நடுக்கடல்

இன்று பொங்கல். கப்பல் சமையற்காரரிடம் மிசஸ் ஞானமுத்து பேசி அரிசியும் வெல்லமும் வாங்கினார். பால் பொங்கும் சமயம் கப்பல் சாய்ந்தது. பால் எந்தத் திசையில் வழிந்தது என்பது பற்றிப் பெண்களுக்குள் விவாதம். கிழக்கே வழிந்தால் நல்லது. கப்பல் மேற்கே போவதால் பாலும் குழம்பியிருக்கலாம் என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

மாலையில் மேல்தளத்தில் பின்னல் கோலாட்டம் ஒத்திகை. எங்கள் நிகழ்ச்சிக்கு இதுதான் மகுடம். நடுவில் ஒரு கம்பம், உச்சியில் வளையம், அதிலிருந்து எட்டுக் கயிறுகள். எட்டுப் பேரும் இடக்கையில் கயிற்றையும் வலக்கையில் கோலையும் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் உள்ளும் வெளியுமாகக் கடந்து ஆடினால், மேலே கயிறுகள் சடைபோலப் பின்னிக்கொண்டு இறங்கும். பிறகு அதே வழியில் திரும்பி ஆடினால் சடை தானாகப் பிரிந்துவிடும். ஓர் அடி தப்பினால் பிரியாது. முடிச்சுதான்.

இவர்கள் முன்பெல்லாம் பாட்டைக் கேட்டு, பக்கத்தில் வருபவளைப் பார்த்து, ஒரு குத்துமதிப்பாக ஆடினார்கள். எட்டில் மூன்று முறை முடிச்சு விழுந்தது. நான் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒற்றை எண்கள் வலம், இரட்டை எண்கள் இடம். ஒவ்வோர் அடியும் கட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. “பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கக்கூடாது, மனத்தில் உள்ள படத்தை மட்டும் பாருங்கள்” என்று பழக்கினேன். அதற்குப் பிறகு ஒரு முடிச்சும் இல்லை. இது தற்பெருமையாக ஒலிக்கிறது. ஆனால் புள்ளிவிவரம் அப்படித்தான்.

பாட்டு மிசஸ் ஞானமுத்துவின் சொந்த இயற்றல்.

எதிரி மீசை எங்கே போச்சு?
எங்கள் கோலுக் கஞ்சிப் போச்சு.

இலக்கிய நயம் பற்றி என்னைக் கேட்டார். மோனை இருக்கிறது என்றேன்.

19 ஜனவரி, புதன்

கரை இறங்கினோம். ஊர்ப் பெயர்களை எங்கும் எழுதக்கூடாது என்று ராணுவ உத்தரவு. ஆகவே இதை ஊர் 1 என்று குறிப்பிடுவேன். அடுத்து ரயிலில் போகப்போவது ஊர் 2. கடைசி முகாம் ஊர் 3. ஊர் 1 என்பது பாஸ்ரா. ஊர் 2, பாக்தாத். பிற்காலத்தில் எனக்கே மறந்துவிடக்கூடாதே என்பதற்காக எழுதுகிறேன்.

ஊர் 2-க்கும் ஊர் 3-க்கும் இடையே நூறு மைல் என்று ஒரு சிப்பாயிடம் விசாரித்தேன். நிர்வாகக் காரணத்துக்காக மட்டும்.

21 ஜனவரி, வெள்ளி. ஊர் 1

முதல் நிகழ்ச்சி. மணலில் எழுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று யாருக்கு எப்போது எந்தப் பொருள் வேண்டும் என்ற பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாடகத்தில் ராஜா வேஷம் வெயிலுகந்தாளுக்கு. வீரவநல்லூர்க்காரி, ஊரில் பெண்கள் விடுதி ஒன்றுக்கு வார்டன், ராஜாவுக்கு வேண்டிய உருவமும் குரலும் பிறவியிலேயே அமைந்தவள். இரண்டாம் காட்சியில் மந்திரிக்கு மரண தண்டனை விதித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“ராசா வீரவநல்லூரா?”

ராஜா வாளைத் தாழ்த்தினாள். “ஆமாலே. நீ எந்தத் தெரு?”

“மேலத்தெரு. சங்கரபாண்டி மவன்.”

“எந்தச் சங்கரபாண்டி? ஒத்தக் கண்ணு சங்கரபாண்டியா?”

“அவருதான்.”

“ஏலே, ஒங்க அம்மை போன மாசம் என்னைக் கண்டு அழுதாளே. கடுதாசி போடமாட்டியோ? சாப்பிடுதியா ஒழுங்கா?”

நாடகம் பதினோரு நிமிடம் நின்றது. மந்திரி மண்டியிட்டபடியே இருந்தாள். அதற்குப் பிறகு மேலும் நான்கு பேர் தங்கள் ஊரைச் சொன்னார்கள். மந்திரிக்குத் தண்டனை கடைசிவரை நிறைவேறவில்லை. இதை எப்படித் தடுப்பது என்று மிசஸ் ஞானமுத்துவிடம் கேட்டேன். “தடுக்கவா? நாம வந்ததே இதுக்குத்தான் சார்வாள்” என்றார்.

கோலாட்டம் பிழையில்லை.

25 ஜனவரி, செவ்வாய். ஊர் 2

ரயிலில் வந்து சேர்ந்தோம். கடும் குளிர். இங்கிருந்து எங்களுக்குப் பொறுப்பு கேப்டன் பிம் என்ற வெள்ளைக்காரர். சிவந்த மூக்கு, சின்னப் பென்சில். அவர் எங்களை இறங்கும்போது எண்ணினார். லாரியில் ஏறும்போது எண்ணினார். சாப்பிடும்போதும் எண்ணினார். “எட்டுப் பெண்மணிகள், ஒரு கனவான். சரி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொள்கிறார். முகங்களைப் பார்ப்பதில்லை. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரமு ஒரு பழைய கடிதத்தை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினாள். அவள் கடிதங்களை நான் படிப்பதில்லை. உரக்கப் படித்தால் காதில் விழும். இதுவரை பதினான்கு கடிதங்கள். அவற்றில் ஒன்பதின் முடிவில் ‘அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்று இருக்கிறது. ஐந்தில் இல்லை. அந்த ஐந்தும் மழைக்காலத்தில் எழுதப்பட்டவை. அவசரமாக எழுதியிருப்பான்.

27 ஜனவரி, வியாழன்

எங்கள் குழுவில் ஆடும் ரோஸ்லினுக்குக் காலையில் இரண்டு கன்னமும் வீங்கியிருந்தது. மிசஸ் ஞானமுத்து ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, “பொன்னுக்கு வீங்கி” என்றார். ராணுவ டாக்டரும் அதையே அதிக நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார். மற்றவர்களுக்கெல்லாம் சிறு வயதிலேயே வந்து போய்விட்டது. எனக்கும் வந்திருக்கிறது.

நம் வழக்கப்படி கழுத்தில் பொன் போடவேண்டுமே. ஏழு பேரும் தங்கள் சங்கிலிகளைக் கழற்றி ரோஸ்லினுக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டர், இந்தப் பெண் எந்த சமஸ்தானத்தின் இளவரசி என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். தூத்துக்குடி என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மூன்று வாரம் படுக்கை. அங்கே மலையாள நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவளுக்குக் குறையிருக்காது.

28 ஜனவரி, வெள்ளி

கேப்டன் பிம்மிடம் ஒரு காகிதம் இருக்கிறது. அதன்படி ஊர் 2-க்கு அப்பால் போக அனுமதி பெற்ற குழுவில் ‘எட்டுப் பெண்மணிகளும் ஒரு கனவானும்’ இருக்கவேண்டும். எட்டுக்குக் குறைந்தால் அது குழு அல்ல. அடுத்த கப்பலில் ஊருக்குத் திருப்பி அனுப்பவேண்டும். நாளை மறுநாள் காலை எண்ணிப் பார்த்து ஏற்றுவார். இரண்டு நாளாக எங்களை எண்ண அவர் வரவில்லை; ரோஸ்லின் படுத்திருப்பது அவருக்கு இன்னும் தெரியாது.

சுவரில் இந்த நாட்டின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பிரமு அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். அழவில்லை. ஊர் 3 இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நான் இருமினேன். விரலை எடுத்துவிட்டாள்.

மாலை மிசஸ் ஞானமுத்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“சார்வாள் ஒசரந்தான். ஆனா ஒல்லி” என்றாள் வெயிலுகந்தாள். “என் பச்சைச் சேலை ரெண்டு சுத்து சுத்தும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் யோசிக்க அவகாசம் கேட்டேன். அறைக்குப் போய் ஆட்சேபணைகளை எழுதினேன். பதினொன்று வந்தது. வயது, கௌரவம், ராணுவச் சட்டம், சளி, ஓய்வூதியம், முழங்கால், மேலும் ஐந்து. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மிசஸ் ஞானமுத்து கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். “எல்லாம் நியாயந்தான் சார்வாள். ஆனா ஆடத் தெரியாதுன்னு ஒண்ணு இதுல காணலையே.”

உண்மைதான். அது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு எண்களின் அடிகளும் எனக்குத்தான் மனப்பாடம்.

“ரோஸ்லின் எட்டாம் நம்பர்” என்றார். “எட்டு இடமா, வலமா?”

“இடம்” என்றேன்.

“பாத்தியளா” என்றார் மற்றவர்களைப் பார்த்து. பிரமு மட்டும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

29 ஜனவரி, சனி

மீசை எடுக்கப்பட்டது. காலை 6.40.

பிறகு, அதே நாள்

நாற்பத்தொரு வருட மீசை. மேலுதட்டில் குளிர் இவ்வளவு உறைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பிரமு சேலை கட்டிவிட்டாள். மரியாதை காரணமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். கூச்சம் காரணமாக நானும் மூடிக்கொண்டேன். கொசுவம் மூன்று முறை அவிழ்ந்தது. கடைசியில் வெயிலுகந்தாள் வந்து, மூட்டை கட்டுவதுபோல் ஒரு கயிற்றால் இறுக்கிவிட்டாள்.

“தலையை மூடி முக்காடு போட்டுக்கிடுங்க மாமா. குனிஞ்சு நடங்க. பெரிய எட்டா வைக்காதிய” என்றாள் பிரமு.

“இது முறையா பிரமு?”

“முறை பாத்தா ஒண்ணும் நடக்காது மாமா.” முக்காட்டில் ஊசியைக் குத்திக்கொண்டே சொன்னாள். “அன்னைக்குப் பந்தியில நீங்க சொன்னது எனக்கும் கேட்டுது. ரசம் ஊத்திக்கிட்டு நின்னேன். ரெண்டு தடவை கணக்குல தோத்தவன், எண்ணத் தெரியாதவனுக்கு என் வீட்டுல இலை எதுக்குன்னு கேட்டிய. அவ்வோ இலையை மூடிட்டு எந்திரிச்சிட்டாவ.”

நான் முந்தானையை இழுத்து மேலுதட்டை மூடிக்கொண்டேன்.

“அதைச் சொன்ன நீங்கதான் இன்னைக்கு மீசையை எடுத்திருக்கிய. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துக்கிடுதேன்” என்றாள். ஊசி சரியாகக் குத்தப்படவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது ஊசியினால்தான்.

30 ஜனவரி, ஞாயிறு

கேப்டன் பிம் வந்தார். வரிசையாக நின்றோம். நான் கடைசி.

மிசஸ் ஞானமுத்து ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவே: “எங்களில் ஒருவர் பொன்னுக்கு வீங்கியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் இதோ இருக்கிறோம்.”

கேப்டன் பென்சிலால் எண்ணினார். எட்டு முக்காடுகள். “எட்டுப் பெண்மணிகள்” என்றார். பிறகு முகம் வாடியது. “அடடா, பாவம் அந்த முதியவர். நல்ல மனிதர். அமைதியானவர்.”

இவ்வளவு நல்ல அபிப்பிராயத்தை என் காதால் கேட்டு எத்தனையோ காலமாகிறது. கிட்டத்தட்ட நன்றி சொல்லியிருப்பேன். வெயிலுகந்தாள் காலை மிதித்தாள்.

கனவான் இல்லாமல் போகலாமா என்று கேப்டன் காகிதத்தைப் பார்த்தார். கனவான்கள் குறைந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதவில்லையாம். எங்களை ஏறச் சொல்லிவிட்டு, தானும் லாரியில் முன்னால் ஏறிக்கொண்டார். நாங்கள் பொய் சொல்லவில்லை. அவரை எண்ண மட்டுமே விட்டோம். இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

31 ஜனவரி, திங்கள்

வழியில் ஒரு சிறு முகாம். இருநூறு பேர். நான் ஆடினேன்.

எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு குனிந்தபடி ஆடினேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. மேலே சடை இறங்கியது, பிறகு பிரிந்தது. இத்தனை நாள் காகிதத்தில் பார்த்ததை உள்ளே நின்று பார்ப்பது வேறு. மூன்று முறை திரும்ப ஆடச் சொன்னார்கள். எனக்குச் சோர்வே இல்லை. குளிர்ந்த காற்று காரணமாக இருக்கலாம்.

‘எதிரி மீசை எங்கே போச்சு’ என்ற அடி வரும்போதெல்லாம் ஏழு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். படத்தைத் தவிர எதையும் பார்க்கக்கூடாது என்று மறுபடி எச்சரித்தேன்.

கீழே இறங்கும்போது ஒரு சிப்பாய், “அந்த நெட்டை அக்கா அருமையா ஆடுது” என்றான். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

2 பிப்ரவரி, புதன்

லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது. பெண்கள் இறங்கித் தள்ளினோம்.

தள்ளினார்கள். நானும் தள்ளினேன்.

3 பிப்ரவரி, வியாழன். ஊர் 3

முடிந்தவரை வரிசையாக எழுத முயல்கிறேன்.

லாரி தாமதமானதால் மூன்றரை மணிக்குத்தான் வந்தோம். நான்கு மணிக்கு நிகழ்ச்சி. யாரையும் பார்க்க நேரமில்லை, நேரே மேடை. வெளியே அறுநூறு பேர். திரையின் ஓட்டை வழியாகப் பிரமு பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் காட்ட விலகினாள். நான் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்க அவசியமில்லை.

கேப்டன் பிம் முன்கூட்டியே தந்தி அடித்திருந்தாராம்: குழு வருகிறது, கனவான் பொன்னுக்கு வீங்கியால் பின்தங்கினார். இந்தச் செய்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. எனக்கு அப்போதுதான் தெரியும். முகாமில் எல்லோரும் படித்திருப்பார்கள் அல்லவா என்று மிசஸ் ஞானமுத்துவிடம் கேட்டேன். “படிச்சிருப்பாக” என்றார். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. கோலைக் கையில் கொடுத்துவிட்டார்.

பின்னுவது நன்றாக நடந்தது. திரும்பி ஆடத் தொடங்கினோம். மூன்றாவது சுற்றில் நான் தலையை நிமிர்த்தினேன். ஏன் நிமிர்த்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வரிசையில் ஓரத்தில் இருந்தான். கறுத்திருந்தான். தோள் அகன்றிருந்தது. மீசை வைத்திருந்தான். நான் ஐந்து நாள் முன்புவரை வைத்திருந்த அதே மாதிரி மீசை.

எட்டு அப்போது மூன்றுக்கு உள்ளே போகவேண்டும். வெளியே போனேன்.

ஒரே ஓர் அடிதான். மற்ற யாராவது பக்கத்தில் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் பார்க்கக்கூடாது என்று நான்தான் பழக்கியிருந்தேன். ஏழு பேரும் மனத்தில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டு, துளியும் பிழையில்லாமல், மேலும் நான்கு சுற்று ஆடினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கயிறு இறுகியது. ‘எங்கள் கோலுக் கஞ்சிப் போச்சு’ என்ற இடத்தில் எட்டுப் பேரும் கம்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டோம். இது என் போதனா முறையின் குறை.

“சார்வா…” என்று தொடங்கிய வெயிலுகந்தாள் சுதாரித்து, “அக்கா, என்ன செஞ்சிட்டிய?” என்றாள்.

கூட்டம் விசிலடித்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். ஒரு சுபேதார் எழுந்து, “பாலத்துக் கம்பெனியில கயிறு தெரிஞ்சவன் எவம்லே? குற்றாலம், நீ போ” என்றார்.

அவன் மேடைக்கு வந்தான். கம்பத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். எனக்கு இடப்பக்கம் ஏழாம் எண், அது பிரமு. அவள் முன்னால் நின்று ஒரு கயிற்றைப் பிடித்தான்.

“நல்லாருக்கியா?” என்றான் மெதுவாக.

“கட்டிவச்ச மாட்டுக்கென்ன. நல்லாருக்கேன்.”

“மெலிஞ்சிட்ட.”

“ஒங்களுக்கு மீசை வந்திருக்கு.”

கயிற்றை விரலில் சுற்றினான். “பலகையில பாத்தேன். அப்பாவுக்குப் பொன்னுக்கு வீங்கியாமே.”

பிரமுவின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அது நடுங்கியது அழுகையினாலா சிரிப்பினாலா என்று என்னால் சொல்ல முடியாது.

“இந்த வயசுல அது வந்தா லேசு இல்லன்னு எங்க டாக்டர் சொன்னாரு. தனியா விட்டுட்டா வந்த?”

“நர்சுமாரு இருக்காக.”

“நர்சு இருந்தா? அவ்வோ யார்ட்டயும் ஒரு டம்ளர் தண்ணி கேக்கமாட்டாவ பிரமு. நா வறண்டாலும் கேக்கமாட்டாவ, கூச்சம். எனக்குத் தெரியாதா?” ஒரு கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். “காலம்பற ஒரு லாரி போகுது. சுபேதார்ட்டக் கேட்டுட்டேன். நான் போறேன்.”

“நான் இம்புட்டு தூரம் வந்திருக்கேன்.”

“நீ நின்னுக்கிட்டிருக்க. அவ்வோ படுத்துல்லா கிடக்காவ.”

நான் அப்போதே பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. மூன்று வருடத்தில் அவனிடம் முதலாவதாகச் சொல்லத் தகுந்த வாக்கியம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். சில நல்ல வாக்கியங்கள் தோன்றின. அதற்குள் அவன் இரண்டாம் கயிற்றை இழுக்கத் தொடங்கிவிட்டான்.

“முதல்ல மூணாம் கயிறு” என்றேன்.

இதைவிடப் பொருத்தமான சொற்கள் இருந்திருக்கும்.

அவன் கை நின்றது. குனிந்து என் முக்காட்டுக்குள் பார்த்தான். அறுநூறு பேர் எதிரே, அவன் முகமும் என் முகமும் ஒரு சாண் தூரத்தில்.

“அப்பா?”

“சத்தம் போடாதே” என்றேன். “முன் வரிசையில கேப்டன் எண்ணுதாரு.”

அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். கம்பம் குலுங்கியது. அவன் சிரிக்கிறான் என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் சிறு வயதிலும் இப்படித்தான், சத்தமில்லாமல் சிரிப்பான். மேலே வளையம் கிணுகிணுத்தது. கூட்டம் கை தட்டியது. பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூணாங் கயிறு இல்லப்பா. தப்பு எட்டுல இருக்கு” என்றான். “எட்டு யாரு?”

“நான்தான்.”

“அப்பிடியா” என்றான்.

கம்பத்தில் ஏறினான். உச்சியிலிருந்து ஒவ்வொரு பின்னலாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினான். நான் மனத்துக்குள் எண்ணினேன். பதினேழு என்றான். எனக்கும் பதினேழுதான். பிறகு என் கையிலிருந்த கயிற்றை வாங்கி, மேலே ஓரிடத்தில் விரலை விட்டு நுழைத்து இழுத்தான். என் படத்தில் இல்லாத வழி. ஏழு கயிறுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன. என் வழியில் போயிருந்தால் இரவு எட்டு மணி ஆகியிருக்கும். அதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து கூடாரத்தில் மூவரும் உட்கார்ந்தோம். பிரமு தேநீர் ஊற்றினாள். காலை லாரியில் போகவேண்டாம் என்று சுபேதாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். நாளை முழுவதும் அவனுக்கு விடுப்பு. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே போவதுதான் முறை. எழுந்தேன். வாசலில் கேப்டன் பிம் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். வெளியே போனால் ஒரு பெண்மணி தனியாக இருட்டும் வேளையில் எங்கே போகிறாள் என்று கேட்பார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“இரிங்கப்பா. யாரு போகச் சொன்னா?” என்றான்.

“அன்னைக்குப் பந்தியில நான் சொன்னது” என்று தொடங்கினேன்.

“எனக்கு ஞாபகம் இல்லப்பா.”

“எனக்கு இருக்கு. அது தப்பு.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “என்ன சொன்னிய? சரியா கேக்கல. முக்காட்டை எடுத்துட்டுச் சொல்லுங்க.”

“எடுக்க முடியாது. வாசல்ல கேப்டன் நிக்காரு.”

“அப்பம் அதுக்குள்ள இருந்தே சொல்லுங்க.”

சொன்னேன். அவன் மறுபடியும் கேட்கவில்லை என்றான். மறுபடியும் சொன்னேன். முக்காட்டுக்குள் இருந்து சொல்வது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை.